வாஷிங்டன் வட்டாரங்கள்

அமெரிக்க அரசியல் வரலாறு பற்றியும் அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கை பற்றியும் தமிழில் நான்கு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். அமெரிக்காவுக்கு ஒருமுறையும் போனதில்லை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். செவ்வாய்க் கிரகம் பற்றி எழுதுகிறவர்களிடம் யாரும் விமானச் சீட்டைக் காட்டச் சொல்வதில்லை என்று பதில் சொல்லுவேன். முதல் புத்தகம் வெளிவந்த காலத்திலேயே தயார் செய்துவைத்த பதில் இது. நான்கு புத்தகங்களுக்கும் அதுவே போதுமாக இருந்தது.

நான் இருப்பது ஜேர்மனியில், பீலெஃபெல்டில். இலங்கையில் பத்திரிகைக்காரனாக இருந்தவன். இங்கே வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் தொழில் என்ன என்று கேட்டார்கள். ‘பத்திரிகையாளர்’ என்றேன். கேட்ட பெண்மணி எந்த மொழியில் என்று கேட்டார். தமிழில் என்றேன். அவர் மிகுந்த மரியாதையுடன் தலையசைத்துவிட்டு, ‘தொழிற்பயிற்சி பெறாதவர்’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். அன்று தொடங்கி இன்றுவரை ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில், தட்டுக் கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறேன். தட்டுகள் ஒரு பக்கத்தால் அழுக்காகப் போய் மறுபக்கத்தால் பளபளவென்று வரும். உள்ளே என்ன நடந்தது என்று வெளியே வரும் தட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. வெளியுறவுக் கொள்கையும் அநேகமாக இப்படித்தான் என்று என் இரண்டாவது புத்தகத்தில் எழுதினேன். வாசித்தவர்கள் அது பெரிய அரசியல் அறிஞர் யாரோ சொன்ன கருத்து என்று நினைத்திருப்பார்கள், வாசித்திருந்தால்.

ஏன் அமெரிக்கா என்று எல்லாரும் கேட்பார்கள். கீழ்வீட்டு ஜேர்மன்காரர் கேட்டிருக்கிறார். நகர நூலகத்தில் புத்தகம் இரவல் தரும் பெண்மணி கேட்டிருக்கிறார். அவர் என்னை ஏதோ பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று நினைத்திருந்தார், நானும் திருத்தவில்லை. உலகத்தின் தலைவிதி அங்கேதான் எழுதப்படுகிறது என்று இவர்களுக்கெல்லாம் பெரிய பேச்சாகப் பேசிவைப்பேன். உண்மையான காரணம் ஒரு கப்பல்.

முன்பு ஐரோப்பாவின் தமிழ்க் கடைகளில் ஒரு வாரப் பத்திரிகை கிடைக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் உலக அரசியல் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை எழுதி அனுப்பினால் வியாழக்கிழமை கடைக்கு வந்துவிடும். அந்தப் பத்தியில் நான் அடிக்கடி பாவித்த சொற்கள் ‘வாஷிங்டன் வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்பவை. என்னுடைய வாஷிங்டன் வட்டாரம் என்பது ஜேர்மன் தொலைக்காட்சியின் எட்டு மணிச் செய்தி, நூலகத்துக்கு ஒருநாள் பிந்தி வரும் ஆங்கிலப் பத்திரிகை, தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிவு செய்யும்போது காதில் விழுவது ஆகிய மூன்றும்தான். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொன்னால் ‘நம்பகமான’ என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்த்துக்கொள்வேன். அந்த வட்டாரங்கள் எங்கே இருக்கின்றன, அவற்றின் தொலைபேசி இலக்கம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

அந்தப் பத்தியை வாராவாரம் முதலில் வாசிப்பவன் என் நண்பன். அகதி விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறை. இரட்டைத் தட்டுக் கட்டிலில் மேலே அவன், கீழே நான். பிறகு அவன் பயிற்சி எடுத்து இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டுநரானான். வியாழக்கிழமை பின்னேரம் கட்டாயம் அவனிடமிருந்து அழைப்பு வரும்.

“மச்சான், உந்தச் செனற்றர் போன கிழமை வேற மாதிரியெல்லோ சொன்னவர்? நீ என்ன, மாத்தி எழுதியிருக்கிறாய்?”

“அவர்தான் மாத்திச் சொன்னவர்.”

“அப்ப அதையும் எழுத வேணுமே.”

இந்த ஆளோடு பெரிய கரைச்சல் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் ஒரு வியாழக்கிழமை அழைப்பு வராவிட்டால் அடுத்த பத்தி எழுத மனம் வராது.

பிறகு இலங்கையில் போரின் கடைசி மாதங்கள் வந்தன. அவனுடைய ஒரே தங்கை, கடற்கரையோரமாக ஒடுங்கிப்போன அந்தத் துண்டு நிலத்தில் அகப்பட்டிருந்தாள். யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியில் எப்போதாவது இரண்டு நிமிடம் பேசுவாள். இங்கே நாங்கள் நகரம் நகரமாகப் போய்ப் பதாகை பிடித்துக்கொண்டு நின்றோம். எல்லாருடைய வாயிலும் அமெரிக்காதான். அங்கே ஜனாதிபதி புதிது. புதிது என்றால் நல்லது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைசித் தரிப்பிடத்தில் ட்ராமை நிறுத்திவிட்டு, இடைவேளையில் என்னை அழைத்தான்.

“மச்சான், அமெரிக்கன் கப்பல் வெளிக்கிட்டிட்டுதாம். சனத்தைக் கரையில வைச்சே ஏத்தப் போறாங்களாம்.”

“ஆர் சொன்னது?”

“சனம் கதைக்குது.”

சனம் கதைக்கும்தான். என் பத்தியில் அன்று மூன்று வரி இடம் மீதியிருந்தது. ‘மக்களைக் கரையில் வைத்தே ஏற்றிச் செல்வதற்காக அமெரிக்கக் கப்பல் ஒன்று புறப்பட்டுவிட்டதாக வாஷிங்டன் வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று எழுதினேன். சரியாக மூன்று வரி வந்தது. திருப்தியோடு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. அன்று அவனுக்கு வேறு அழைப்பு வந்திருந்தது. தங்கை பேசினாள். பக்கத்துப் பங்கரில் இருந்த குடும்பங்கள் நீரேரியைக் கடந்து மறுபக்கம் போக வெளிக்கிடுகின்றன, தானும் போகட்டுமா என்று கேட்டாள். அவன் கையில் பத்திரிகை இருந்தது. என்னுடைய மூன்று வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினான். அந்தரப்பட வேண்டாம், கரையிலேயே நில் என்று சொன்னான். பக்கத்துக் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. அவளிடமிருந்து அதற்குப் பிறகு அழைப்பு இல்லை.

இதெல்லாம் அவனுடைய மனைவி என் மனைவிக்குச் சொல்லித் தெரியவந்தது. அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கலியாண வீடுகளில் வேறு மேசைக்குப் போய் உட்காருவான். ஒருதடவை கவனிக்காமல் அவன் ஓட்டிய ட்ராமில் முன்கதவால் ஏறிவிட்டேன். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே இருந்தான். நான் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி மழையில் நடந்தேன்.

அவன் கோபம் நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவன் தங்கைக்கு வாசித்துக் காட்டிய செய்தி, இரண்டு நாள் முன்னால் அவனே எனக்குச் சொன்னது. வாஷிங்டனை நம்பித் தங்கையைக் கரையில் நிற்கச் சொன்னான். அந்த வாஷிங்டன் பீலெஃபெல்டில் ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்தது. இதை அவனிடம் சொல்லாவிட்டால் நான் கள்ளன். சொன்னால் கொலைகாரன். எதைச் செய்வது என்று தெரியாமல் நூலகத்துக்குப் போனேன்.

கப்பல் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதாகத்தான் திட்டம். ஒரு மனிதன் ஒரு மன்னிப்பைத் தள்ளிப்போட எவ்வளவு தூரம் போவான் என்று கேட்டால், நான் அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி வரைக்கும் போனேன். பிறத்தியாரின் சண்டைகளில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்த மனிதர் பதவியை விட்டுப் போகும்போது எச்சரித்துவிட்டுப் போனாராம். அங்கே தொடங்கியது முதல் புத்தகம். இரண்டாவது, தென்னமெரிக்காவைத் தங்கள் வீட்டுக் கொல்லையாக நினைத்த காலம். மூன்றாவது, ரஷ்யாவோடு முறைத்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு புத்தகமும் என் கப்பலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து, வந்த வேகத்தில் நின்றுவிட்டது. முன்னுரைகளில் இதை ‘வரலாற்று ஒழுங்கு’ என்று எழுதியிருக்கிறேன்.

என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். வயதானவர்களின் சாக்குப்போக்குகளைக் கேட்டுப் பழகியவள் என்பதால் என்னுடையது அவளிடம் எடுபடாது. மூன்றாவது புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிய அன்று தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“உங்கட சிநேகிதரின்ர வீடு இஞ்சயிருந்து ஆறு தரிப்பு. நீங்கள் வாஷிங்டனைச் சுத்திப் போறியள்.”

“எழுதினாத்தான் எனக்குச் சொல்ல வரும்.”

“வராது. எழுத எழுத உங்களுக்குப் புத்தகம்தான் வருகுது.”

பிறகு, நண்பனின் மனைவியைக் கடையில் கண்டதாகவும் சொன்னாள். அவன் இன்னும் தங்கைக்குத் திவசம் செய்யவில்லை. செத்த நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்று கோயில் ஐயர் சொல்லியும் மறுத்துவிட்டானாம். காணாமல் போனவர்களைத் தேடித்தருகிற இடங்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டு, அவர்கள் நாளும் நேரமும் குறித்துத் தருகிற ஒவ்வொரு டெர்மினுக்கும் சேட்டு மடிப்புக் குலையாமல் போய்வருகிறானாம். எங்கேயும் அவள் இருக்கிறாள் என்றும் எழுதித் தரவில்லை, இல்லை என்றும் எழுதித் தரவில்லை.

நான்காவது புத்தகத்தை அதற்குப் பிறகுதான் துணிந்து எழுதினேன். அமெரிக்கா தன்னை நம்பியவர்களில் யாரை ஏற்றிக்கொண்டு போகும், யாரைக் கரையில் விட்டுவிட்டுப் போகும் என்பது அதன் விஷயம். சைகோனில் தொடங்கிக் காபூல்வரை வரும். நடுவில் பதினோராம் அத்தியாயம், ‘வராத கப்பல்’. அப்படியொரு கப்பல் புறப்பட்டதற்கு நான் தேடிய எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை என்று எழுதினேன். அந்தச் செய்தியை எழுதியவன் நான் என்று எழுதினேன். அதை எனக்குச் சொன்னவன் பீலெஃபெல்டில் ட்ராம் ஓட்டுகிறவன் என்றும், அவனுடைய தங்கை அந்தக் கரையில் நின்றாள் என்றும் எழுதினேன். மற்ற அத்தியாயங்கள் கையில் ஓடின. அந்தப் பதினாறு பக்கத்துக்கு ஒரு வருடம் பிடித்தது.

என் புத்தகங்கள் சென்னையில் அச்சாகி வரும். நான்காவது புத்தகத்தின் பெட்டிகள், ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தன. ஒரு பிரதியை எடுத்து நேரே நூற்று அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். ‘குதிரைவாலிப் பொங்கல். தேவையான பொருட்கள்: குதிரைவாலி அரிசி ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப்’ என்று இருந்தது. அடுத்த பக்கம் சாமைத் தயிர்ச்சாதம். அதற்கடுத்தது வரகு உப்புமா, ‘சூடாகப் பரிமாறவும்’. நூற்று எழுபத்தேழாம் பக்கத்தில் காபூல் விமான நிலையம் ஒன்றும் நடக்காததுபோல் தொடங்கியது. பெட்டியிலிருந்த அத்தனை பிரதியும் அப்படியே.

அச்சகத்தை அழைத்தேன்.

“சார், சாரி சார்,” என்றார் பொறுப்பாளர். “பைண்டிங்ல மிஸ்டேக் ஆயிடுச்சு. பதினாறு பதினாறு பக்கமாத்தான் அடிப்போம் இல்லையா? உங்க பதினொண்ணாவது ஃபாரமும் சிறுதானியச் சமையல் புக்கோட பதினொண்ணாவது ஃபாரமும் மாறிப்போச்சு போல. பேஜ் நம்பர் கரெக்டா இருக்கறதால பசங்க கவனிக்கல சார்.”

“அப்ப என்ர பதினாறு பக்கம் எங்க?”

“அந்தச் சமையல் புக்ல இருக்கும் சார். அது போன வாரமே கடைக்குப் போயிடுச்சு.”

பதினைந்து வருடம் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த குற்றத்தை, கடைசியில் சாமைத் தயிர்ச்சாதம் செய்யப்போன தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட வெட்கம், சிரிப்புக்குக் கீழே பெரிய நிம்மதி இருந்ததுதான். என்மேல் பிழையில்லை. நான் எழுதிவிட்டேன். அச்சகம் கெடுத்துவிட்டது. இதைவிட வசதியான ஏற்பாட்டை வாஷிங்டனும் செய்து தந்திருக்காது.

விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னாள் மனைவி. மண்டபம் எடுத்தாயிற்று, ரோல்ஸும் வடையும் சொல்லியாயிற்று, வரவேற்பு நடனத்துக்கு இரண்டு பிள்ளைகள் மூன்று மாதமாகப் பழகுகிறார்கள் என்றேன். புத்தகம் இல்லாமல்கூட எங்களுடைய புத்தக வெளியீடு நடக்கும். நடனப் பிள்ளைகள் இல்லாமல் நடக்காது.

மங்கல விளக்கு ஏற்றினோம். இறந்தவர்களுக்காக எழுந்து நின்றோம். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் வரிசையாக நடந்தன. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆய்வுரைக்கு எழுந்தார். அவருக்கு ஒரு பிரதி அன்று காலைதான் கிடைத்திருந்தது. எங்களுடைய ஆய்வுரைகளுக்கு முன்னுரையும் பொருளடக்கமும் தாராளமாகப் போதும். முக்கால் மணி நேரம் அப்படிப் பேசக்கூடியவர்களை எனக்குத் தெரியும். நானே பேசியிருக்கிறேன்.

“குறிப்பாக, பதினோராம் அத்தியாயத்தைச் சொல்ல வேண்டும்,” என்றார் அவர். “‘வராத கப்பல்’. அதை வாசித்து முடித்தபோது என் கண்கள் குளமாகின. பக்கத்துக்குப் பக்கம் எங்கள் இனத்தின் வலி.”

சபை கைதட்டியது. குதிரைவாலிப் பொங்கலுக்கு அழுத மனிதரைப் பார்த்து நானும் பணிவாகத் தலையசைத்தேன். பொன்னாடை கழுத்தில் அரித்தது.

நண்பனுக்கு அழைப்பிதழ் தபாலில் அனுப்பியிருந்தேன். அவன் வரவில்லை. அவனுடைய மனைவி கடைசி வரிசையில் இருந்தாள். பிரதிகள் கொடுக்கத் தொடங்கியதும் மேடைக்கு வராமல் மேசையில் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணீருக்கும் நிற்காமல் போய்விட்டாள். அந்தப் பையைப் பார்த்து என் நிம்மதி கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அடுத்த கிழமைகளில் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். கண்டவர்களையெல்லாம் பதினோராம் அத்தியாயம் எப்படி என்று கேட்டேன். “ஆழமா எழுதியிருக்கிறியள் அண்ணை,” என்றார் தமிழ்க் கடைக்காரர். “உங்களை மாதிரி ஆரும் உதைத் தொடேல்லை,” என்றார் கோயில் தலைவர். ஒருவர், அது கொஞ்சம் நீளம், சுருக்கியிருக்கலாம் என்றார். ஒருவர்கூட வரகு உப்புமா பற்றி வாய் திறக்கவில்லை. இதற்கு நடுவே சென்னையிலிருந்து அச்சகத்துக்காரர் அழைத்தார். சமையல் புத்தகம் வாங்கிய ஓர் அம்மா தொலைபேசி எடுத்தாராம். நடுவில் வரும் கப்பல் கதையின் முன்பகுதி எங்கே கிடைக்கும், அந்தத் தங்கச்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாராம். நான்கு புத்தகங்களில் எனக்குக் கிடைத்த முதலாவது வாசகர் கடிதம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது.

“நூற்றி அறுபதுக்குப் பிறகு பொங்கல் கிடக்கு,” என்றது குரல். வணக்கமும் இல்லை, மச்சானும் இல்லை.

“ஓம். அச்சகத்தில பிழை.”

“மிச்சம் உன்னட்ட இருக்கோ?”

“இருக்கு.”

“கொண்டு வா.”

வைத்துவிட்டான். நான் கணினியைத் திறந்து பதினாறு பக்கத்தையும் அச்செடுத்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ட்ராம் ஓட்டுகிறவன் என்று வரும் வசனத்தைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ‘தொலைபேசி அழைப்பு ஒன்றின்மூலம் கிடைத்த செய்தி’ என்று போட்டு இன்னொரு பிரதி எடுத்தேன். நாற்பது வருடமாக எழுதிப் பழகியவனுக்கு இதற்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டையும் பையில் வைத்ததை மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் ரெண்டு?”

“அவன்ர முகத்தைப் பார்த்துக் குடுப்பம்.”

“முகத்தைப் பார்த்தா நீங்கள் ரெண்டையும் குடுக்க மாட்டியள்,” என்றாள்.

ஆறு தரிப்பு என்பது பதினொரு நிமிடம். பதினைந்து வருடத்தில் அந்தப் பாதை மாறவேயில்லை.

அவனுக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது. தலை நரைத்து, கொஞ்சம் கூனியிருந்தான். சமையலறை மேசையில் என் நான்கு புத்தகங்களும் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் குறிப்பு. நான் ஒன்றைப் புரட்டினேன். ‘போன அத்தியாயத்தில் வேறு மாதிரி’ என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தான். இன்னோர் இடத்தில் ‘யார் சொன்னது?’ என்று மட்டும். நான்கு புத்தகங்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஓர் ஆள் வாசித்திருக்கிறான். அவன் என்னோடு பேசாத ஆள்.

“மூண்டாவதில வருசம் ஒண்டு பிழை,” என்றான். “சரி, எடு.”

அவன் முகத்தைப் பார்த்தேன். பையில் கையை விட்டு, வசனம் தூக்கிய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். மனைவி சொன்னதைவிட ஒரு படி மேலே போய்விட்டேன் என்பது மட்டும்தான் ஆறுதல்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலோடு, ஒவ்வொரு வரியாக வாசித்தான். அவனுடைய மனைவி தேத்தண்ணீர் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். பதினான்காம் தாளில் பென்சில் நின்றது.

“ஆர் எடுத்த அழைப்பு இது?”

“அது… ஒருத்தர்.”

“அந்த ஒருத்தருக்கு என்ன வேலை?”

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைத் திருப்பி வைத்தேன்.

“ட்ராம் ஓடுறவரோ?”

பையிலிருந்து மற்றப் பிரதியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அந்த ஒரு தாளை மட்டும் தேடி எடுத்து வாசித்தான்.

“ஓம். இதுதான் சரி,” என்றான்.

“உனக்குத் தெரியுமோ?”

“அண்டைக்கே தெரியும். சனம் கப்பல் வருகுது எண்டுதான் கதைச்சது. கரையில வைச்சே ஏத்துவாங்கள் எண்டது நான் சேர்த்தது. கப்பலடிக்குப் போறதெண்டா வள்ளத்தில போக வேணும். அவளுக்கு வள்ளத்தில ஏறப் பயம். சின்ன வயசில ஒருக்கா விழுந்தவள். அதால அப்பிடிச் சொன்னனான். அது அப்பிடியே உன்ர பேப்பரில கிடந்தது.”

“பிறகு ஏன் நம்பினாய்?”

“அச்சில கிடந்ததே.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். “நான் சொல்லேக்க நானே நம்பேல்லை. நீ எழுதினாப் பிறகு நம்பினன். அமெரிக்காவுக்கும் அவளின்ர பயம் விளங்கியிட்டுதாக்கும் எண்டு நினைச்சன்.”

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் என்னோட கதைக்கேல்லை?”

“உன்னைக் கண்டா என்ர வசனம்தான் ஞாபகம் வரும்.”

நான் அவனுக்கு மறைத்துவைத்ததாக நினைத்துக்கொண்டு நான்கு புத்தகங்கள் எழுதியிருந்த விஷயத்தை, அவன் முதல் வியாழக்கிழமையே தெரிந்துவைத்திருந்தான். மன்னிச்சுக்கொள் என்று சொன்னேன். கேட்க எவ்வளவு சின்னச் சொல். அவன் தலையசைத்தான். அது ஓம் என்றா, அதற்கு இப்போது என்ன என்றா, எனக்குத் தெரியவில்லை.

“திருத்தி அடிப்பினமோ?” என்று கேட்டான்.

“ஓம். இந்தப் பக்கங்களோட திரும்ப அடிச்சுத் தாறன் எண்டு சொல்லியிருக்கினம்.”

“அப்ப இதில இன்னும் ரெண்டு வரி போடு. அவளின்ர பேரைப் போடு. அவள் செத்துப்போனாள் எண்டு போடு.”

“அது எங்களுக்கு உறுதியாத் தெரியாதே,” என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் ஆதாரம் கேட்டேன்.

“இத்தினை வருசமாக் கேட்டுப் பார்த்திட்டன். ஒரு இடத்திலையும் ஒருத்தரும் எழுதித் தரேல்லை. எனக்கும் அது ஏலாது. நீ எழுது.” பென்சிலை என் பக்கம் தள்ளினான். “நீ எழுதினா நான் நம்புவன்.”

பென்சிலை எடுத்தேன். வட்டாரம் எதுவும் போடவில்லை. பதினான்காம் தாளின் அடியில், இடம் மீதியிருந்த இடத்தில், அவளுடைய முழுப்பெயரை எழுதினேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே அதற்குப் பக்கத்தில் எழுதினேன். தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டுதரம் வாசித்தான். இரண்டாம்தரம் வாசிக்கும்போது அழுதான். நானும் அழுதேன்.

பிறகு முன்னறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான்.

“இஞ்சேர், ஐயருக்கு ஃபோன் பண்ணு. வாற அமாவாசைக்கு ஒரு டெர்மின் கேள்.”